என்ன லோடு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஐந்து வருஷம் ஞாயிறு தவறாமல் அவரிடம் மீன் அறுத்து வாங்கியிருக்கிறேன். அந்த ஐந்து வருஷமும் பெயர் கேட்கத் தோன்றவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் எழுத மாட்டேன். அவர் இன்னமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி. அவரை அங்கிருந்து கிளப்ப நினைத்தவர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை நான் எதற்கு லேசாக்கிக் கொடுக்க வேண்டும்?

எங்களுக்கு அவர் லோடு அக்கா. சிவகாசிக்குக் கீழே ஆற்றில் ஒரு தடுப்பணையும், அதை ஒட்டி ஒரு தரைப்பாலமும் உண்டு. ஞாயிறு காலையில் வலை இழுத்துப் பாலத்தின் மேலேயே வைத்து மீன் விற்பார்கள். வாங்கிய மீனை அறுத்துக் கொடுக்க நாலு பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அதில் மூன்று பேரிடம் கொடுத்தால் செதிலைச் சீவி, வயிற்றைக் கீறி, குடலை உருவி ஆற்றில் வீசிவிட்டு, துண்டு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாலாவது ஆளான இவரிடம் அது நடக்காது. இவருக்குப் பக்கத்தில் ஓரம் உடைந்த வெள்ளை டைல்ஸ் கல் ஒன்று கிடக்கும். உருவிய குடலை அதன்மேல் வைத்து, கத்தி முனையால் நீளவாக்கில் பிளந்து, டம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரித்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே அந்த மீனிடம் கேட்பார்.

“என்ன லோடு?”

பதிலையும் அவரே சொல்வார். பாசி லோடு. புழு லோடு. கோழிக்குடல் லோடு. பதில் கிடைக்காமல் துண்டு போட மாட்டார். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் சரி, தலையில் மழையே பெய்தாலும் சரி. வீட்டில் விருந்தாள் வந்து காத்திருக்கிறார்கள், சீக்கிரம் தாருங்கள் என்று யாராவது பறந்தால், அவர்கள் என்னத்தைத் தின்னப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டாமா என்பார். சிரிக்காமல் சொல்வார். அதனால் எரிச்சல் இன்னும் கூடும்.

நானும் முதல் ஞாயிறு எரிந்துதான் விழுந்தேன். அப்போது நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்கிற வேலையில் இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், நோட்டு அட்டை எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். வாரம் ஆறு நாளும் எழுத்துப் பிழை தேடிக் களைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் குடலில் என்ன வேலை? என் மனைவிக்குப் பிறந்த ஊர் காரியாபட்டி. ஆற்று மீன் என்றால் உயிர். ஒரு கெளுத்தியை எடை போட்டு வாங்கி, சீக்கிரம் அறுத்துக் கொடுங்கள் என்று இவர் முன்னால் வைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆள் கை நீளத்துக்கு இருந்தது அந்தக் கெளுத்தி. இவர் வயிற்றைக் கீறினார். இரைப்பைக்குள் பாதி கரைந்த ஒரு விரால் முழுசாகச் சுருண்டு கிடந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். இவரோ விராலை எடுத்து டைல்ஸில் நீட்டி வைத்து, அதன் வயிற்றையும் கீறினார். உள்ளே இரண்டு விரல் பருமனுக்கு ஒரு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு. அதையும் விடவில்லை. கத்தி முனையால் குத்தித் திறந்தார். கறுப்பும் பச்சையுமாக ஒரு சொட்டுச் சேறு வழிந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். எங்கள் பிரஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையின் நாற்றம்.

“பாத்தீகளா தம்பி, கெளுத்திக்குள்ள விரால், விராலுக்குள்ள ஜிலேபி, ஜிலேபிக்குள்ள நம்ம ஊரு சாக்கடை. இப்ப இந்தக் கெளுத்தி உங்க வயித்துக்குள்ள போகப் போகுது. மொதப் பந்தி பரிமாறுனதும் நாமதான், கடைசிப் பந்தியில உக்காந்திருக்கதும் நாமதான்.”

இதைச் சாப்பிடலாமா என்று கேட்டேன். பயந்துபோய்த்தான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைப் பிறகு நூறு பேரிடம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று யாரையும் தடுத்தது கிடையாது. அவரே அந்த மீனைத்தான் வீட்டில் குழம்பு வைத்தார்.

“திங்க வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? தெரிஞ்சு தின்னுங்க.”

அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு என்று பேர். மழை பெய்தால் இரண்டு மாசம் ஓடும், மிச்சப் பத்து மாசம் வேலிக்கருவைதான். ஆற்றை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். மணலை அள்ளினார்கள். அள்ளின இடமெல்லாம் கிடங்கு, ஆள் ஆழத்துக்குப் பள்ளம். குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். ஊர் பெருத்து, சாக்கடை முழுவதையும் ஆற்றில் திருப்பிவிட்டார்கள். கடைசியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கிற ஆறு எங்களுக்குக் கிடைத்தது. கறுப்புத் தண்ணீர். மேலே ஆகாயத்தாமரை. பார்க்கிறவர்கள் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே என்று செல்பி எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்தத் தண்ணீருக்குள் யார் யாரைத் தின்கிறார்கள் என்ற விவகாரம் முழுவதும் லோடு அக்காவுக்கு டைல்ஸ் கல்லின் மேல் தெரியும். எந்தப் படிப்பும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாரா வாரம் குடல் பார்த்துத் தெரிந்துகொண்டது. மணல் போன பிறகு அயிரை இல்லை, அது மணலில் மேய்கிற மீன். அயிரை இல்லாததால் விரால் ஜிலேபிக் குஞ்சைத் தின்னத் தொடங்கியது. ஜிலேபி சாக்கடையிலும் சளைக்காது. பாசி, சேறு, அடுத்த மீனின் முட்டை எல்லாவற்றையும் தின்னும். தன் குஞ்சை மட்டும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். ஒரு தடவை பெட்டை ஜிலேபியின் வாயைத் திறந்து, உள்ளே இருந்த குஞ்சுகளை டம்ளர் தண்ணீரில் விட்டுக் காட்டினார். ஊரான் பிள்ளையைத் தின்றுவிட்டுத் தன் பிள்ளையை வாயில் வைத்துக்கொண்டு அலைகிறது பாருங்கள் என்றார். வரிசையில் நின்ற ஒரு கட்சிக்காரர் முகம் சுருங்கிப் போனது. அவரைச் சொன்னாரா மீனைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் போன காலத்தைப் பேசிப் பெருமூச்சு விடுகிற ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. இவரிடம் போய் அந்தக் காலத்தில் ஆறு எப்படி இருந்தது என்று ஆரம்பித்தால் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். இன்றைக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்று பாருங்கள், அதைப் பேசுவோம் என்பார்.

லோடு என்ற சொல் அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர். அங்கே எல்லாமே லோடுதான். மருந்து வந்தால் லோடு, பெட்டி போனால் லோடு. ஒரு நாள் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று போர்மேனுக்குத் தகவல் வந்திருக்கிறது. ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று கணக்கு உண்டு. அன்றைக்கு அந்த அறையில் அதைவிடக் கூடுதலாகப் பெண்கள். கூடுதல் ஆட்களெல்லாம் வேலிக்கருவைக் காட்டுக்குள் போய் உட்காருங்கள் என்று போர்மேன் விரட்டியிருக்கிறார். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. என்னைப் பதுக்கி வைக்க நான் என்ன லோடா என்று கேட்டிருக்கிறார். அதிகாரி வந்து எத்தனை பேர் வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதும், காட்டுக்குள் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லிவிட்டார். மறுநாள் வேலை இல்லை. அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்கவில்லை. அப்படித்தான் தரைப்பாலத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

மூடி வைத்த எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதுதான் அவர். வேறு குணம் இருந்திருக்கலாம், நான் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுபவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி வயிற்றில் என்ன லோடு என்று கேட்பாராம். அந்த மனுஷன் ஒரு தடவை பாலத்தில் வைத்தே எங்களிடம் புலம்பினார். ஊரில் எல்லாப் பொம்பளையும் குடித்திருக்கிறாயா என்று கேட்பாள், இவள் எந்தக் கடை, எத்தனை, கூட யார் என்று மீனை அறுக்கிற மாதிரி அறுக்கிறாள் என்றார். நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குத்தகைக்காரருக்கு இவரைக் கண்டால் ஆகாது. அந்தத் தடுப்பணையில் மீன் பிடிக்கிற உரிமையை எடுத்திருந்தவர் அவர். வெள்ளைச் சட்டை, வாயில் எப்போதும் பாக்கு. பாலத்தில் யார் உட்கார்ந்து அறுக்கலாம் என்பதும் அவர் சொல்வதுதான். வளர்க்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை அணைக்குள் விட்டது அவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நாட்டுக் கெளுத்தி என்று சொல்லித்தான் விற்பார். கோழிக் கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி அதை வளர்த்தார். நான் முதல் ஞாயிறு வாங்கியதும் அதைத்தான். அதன் வயிற்றில் விரால் இருந்ததை அக்கா எனக்கு மட்டும் காட்டவில்லை, பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டினார். விராலைத் தேடி வருகிறவர்களுக்கு விரால் ஏன் கிடைக்கவில்லை என்பது அந்தக் கல்லின் மேல் தெரிந்தது. குடலைப் பார்க்காமல் அறு என்று குத்தகைக்காரர் பல தடவை சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த குடலைப் பிளப்பார். கூட்டம் அவருக்காகவும் வந்துகொண்டிருந்ததால் குத்தகைக்காரர் பொறுத்துக்கொண்டார்.

இனி என் பங்கு. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன்.

தீபாவளி சீசன். பிரஸ்ஸில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு கம்பெனிக்குப் பூச்சட்டிப் பெட்டிக்கான லேபிள் ஆர்டர். அவர்கள் அதில் புஸ்வாணம் என்றுதான் போடுவார்கள். நாலு பாஷையில் பெயர் வரும், தமிழ் ஒரு ஓரத்தில். எனக்குத் தெரியாத மூன்று பாஷையையும் மூலத்தோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். தமிழைப் பார்க்கவில்லை. நமக்குத் தெரிந்த பாஷைதானே என்று கண்ணால் தடவிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துரு மாற்றும்போது ‘பு’ போய் ‘ப’ ஆகியிருக்கிறது. பஸ்வாணம். முழு ஆர்டரும் பஸ்வாணமாக அடித்து, மேலே பளபளப்பும் பூசி முடிந்த பிறகுதான் கட்டிங்கில் இருந்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

கம்பெனிக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை. வெளியே விற்கவும் முடியாது. லேபிள் வெளியே போனால் போலிப் பெட்டி போட்டுவிடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் பயப்படுவார்கள். எரித்துவிடலாம் என்றால், சீசன் நேரத்தில் எங்கள் ஊரில் குப்பைக்குத் தீ வைக்கிற தைரியம் யாருக்கும் வராது. சுற்றிலும் மருந்து. முதலாளி யோசித்துவிட்டு, விரல் அகலத்துக்கு நறுக்கி ஆற்றில் தட்டிவிட்டு வாருங்கள் என்றார். விடிந்தும் விடியாமல் டிராக்டரில் மூட்டைகளை ஏற்றிப் போனோம். பிழை என்னுடையது என்பதால் கூடப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டேன். மூட்டைகள் அவிழ்ந்து கறுப்புத் தண்ணீரில் சிவப்பு சிவப்பாக விரிந்ததைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டேன். தொல்லை விட்டது என்று வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். முழு லேபிள் ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இனி இப்படி விடக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட சூடு அது.

நாலு வாரம் கழிந்திருக்கும். பாலத்தில் என் முறை வந்தது. ஜிலேபியை அறுத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. குடலுக்குள் பளபளவென்று சிவப்பாக ஏதோ. டம்ளர் தண்ணீர் விட்டார். பேப்பர் துணுக்கு. அடுத்த ஆளுடைய ஜிலேபியிலும் துணுக்கு. அதற்கடுத்தது பெரிய கெளுத்தி. அதன் இரைப்பையில் இரண்டு ஜிலேபியும், கூடவே நனைந்து சுருண்ட ஒரு நீளத் துண்டும். அதை நகத்தால் விரித்து, வெயிலில் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

“பஸ்வா. என்ன தம்பி இது, மீனு பஸ் ஏறி வந்திருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதும்போது இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. நீங்கள் பிரஸ்காரர்தானே, இது என்ன பேப்பர் என்று கேட்டார். ஏதோ லேபிள் மாதிரி தெரிகிறது என்றேன். அவர் அந்தத் துண்டைப் புரட்டி, பின்பக்கம் வழுவழுவென்று ஒட்டியிருந்த பாசியைத் தடவிப் பார்த்தார். பேப்பரில் பாசி பிடித்திருக்கிறது, பாசியைத் தின்ன வந்த ஜிலேபி பேப்பரையும் சேர்த்துத் தின்கிறது, ஜிலேபியைத் தின்ன வந்த கெளுத்தி அதையும் தின்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிழை தேடுவது என் தொழில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து நிமிஷத்தில் என் பிழையை வயிறு வயிறாகத் தேடி என் சட்டைப்பை வரைக்கும் வந்துவிட்டார். கொஞ்சம் கை நீட்டினால் போதும், தொட்டிருப்பார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் துணுக்குகள் வந்தன. அக்கா ஒவ்வொன்றையும் கழுவி டைல்ஸ் கல்லின் ஓரத்தில் காய வைத்தார். பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் பையோடு திரும்பினார்கள். நான் மட்டும் வாங்கினேன். வாங்காமல் போனால் அவர் ஏன் என்று கேட்பாரோ என்ற பயம்.

நாலாவது ஞாயிறு நான் போனபோது மற்ற மூன்று பெண்களும் ஓரமாக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஜிலேபியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன். குத்தகைக்காரர் அக்காவின் சாக்கை மிதித்துக்கொண்டு நின்றார். இவள் கம்பெனியில் வேலை பார்த்தவள், லேபிளுக்கா பஞ்சம், வீட்டிலிருந்து கொண்டுவந்து குடலுக்குள் திணித்து வித்தை காட்டுகிறாள், பக்கத்து அணைக் குத்தகைக்காரன் சொல்லிக் கொடுத்து என் வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். இன்றோடு இந்தப் பாலத்தில் அவளுக்கு இடமில்லை என்றார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். கம்பெனிக்காரிதானே, செய்திருப்பாள் என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. கத்தியைத் திருப்பி, பிடியை அவர் பக்கம் நீட்டினார்.

“உங்க ஆளு, உங்க வலை, உங்க மீனு. இப்பவே ஒண்ணு பிடிச்சாரச் சொல்லுங்க. நான் தொடலை. நீங்களே அறுங்க.”

குத்தகைக்காரருக்கு வேறு வழியில்லை. ஆள் இறங்கி வலை வீசினான். ஒரு ஜிலேபி வந்தது. குத்தகைக்காரர் அறுத்துப் பழகாதவர், வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறிக்கக் கீறினார். குடலை டைல்ஸில் போட்டார். அக்கா டம்ளரைக்கூடத் தொடாமல் கைகளை மடியில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாலமே குனிந்து பார்த்தது. பேப்பர் வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு துணுக்கு இருந்தால் போதும், அக்காவும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன்.

உள்ளே ஒன்றுமில்லை. வெறும் சேறு.

குத்தகைக்காரர் வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இப்போது சொல், என்ன லோடு என்று கேட்டார். இன்னொரு மீன் பிடிக்கச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரத் துணுக்குகள் பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தன, அதைக் காட்டிச் சண்டை போட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் அந்தக் குடலையே பார்த்தார்.

“மண்ணு லோடு. இதுல பேப்பர் இல்லை. இல்லாததை இருக்குன்னு சொல்ல எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு டைல்ஸ் கல்லைக் கழுவத் தொடங்கினார். கழுவி, துணியால் துடைத்து, குத்தகைக்காரரின் காலடியில் இருந்த சாக்கை இழுத்தார். அவர் காலை எடுத்துக் கொடுத்தார். அக்கா சாக்கைச் சுருட்ட ஆரம்பித்தார். அழவில்லை, திட்டவில்லை. அந்த வட்டாரத்தில் அவர் உட்காரக் கடைசியாக இருந்த இடம் அது. அதை என் எழுத்துப் பிழை சுருட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. குத்தகைக்காரர் மேல் வந்ததா, முதலாளி மேல் வந்ததா, தலையாட்டிய கூட்டத்தின் மேல் வந்ததா? என் மேல் வந்ததுதான் அதிகம். சட்டைப்பைக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த முழு லேபிளை எடுத்து டைல்ஸ் கல்லின் மேல் விரித்தேன். காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தேன். பஸ்வா என்பது பஸ்வாணத்தின் மேல் கச்சிதமாகப் பொருந்தியது.

“இது எங்க பிரஸ்ஸு லேபிள். பு போட வேண்டிய எடத்துல ப விழுந்துருச்சு, நான்தான் பாக்காம விட்டேன். ஆத்துல கொண்டாந்து தட்டுனப்ப நானும் கூட நின்னேன். இதுல ஒரு தாளுகூட எந்தக் கம்பெனிக்கும் போகலை. கம்பெனிக்கே போகாத லேபிள் இந்த அக்கா வீட்டுக்கு எப்படிப் போகும்?”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கம்பெனிக்காரிதானே என்று முணுமுணுத்தவர் தரையைப் பார்த்தார். குத்தகைக்காரர் அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, எந்த பிரஸ் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கே அவர் ஆட்களோடு பிரஸ் வாசலுக்குப் போனதும், முதலாளி டிராக்டரையும் ஆட்களையும் விட்டு ஆற்றில் பேப்பர் அள்ளியதும், திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு இனி வர வேண்டாம் என்றதும் தனிக் கதை. வேலை போனது. போகட்டும். இப்போது காரியாபட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்னக் கடையில் இருக்கிறேன். தமிழை இரண்டு தடவை பார்க்கிறேன்.

அக்கா எனக்கு நன்றி சொன்னதாக நீங்கள் எதிர்பார்த்தால், அவரை உங்களுக்கு நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். சுருட்டிய சாக்கை உதறி, அதே இடத்தில் மறுபடி விரித்து உட்கார்ந்தார். யாரும் தடுக்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கி ஜிலேபியை வெளியே எடுத்தார். செதிலைச் சீவினார். வயிற்றைக் கீறினார். குடலை டைல்ஸ் மேல் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் உங்க வயித்துக்குள்ள இருந்த லோடு இதுதானா, தம்பி?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எத்தனை வாரமாக என்று கேட்டார். ஆற்றில் கொட்டிய நாளிலிருந்து எண்ணி, ஏழு என்றேன்.

“ஏழு வாரமா? நாறிப் போயிருக்குமே.”

சொல்லிவிட்டுக் குனிந்து, டம்ளர் தண்ணீரைச் சொட்டு விட்டு, என் மீனின் குடலைப் பிளக்க ஆரம்பித்தார்.